நாவடியில் மாத்திரை: பற்களைக் காப்பது எப்படி?

தாயில்பட்டி வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பட்டாசில் செலுத்துவதும் மருந்து; மருத்துவமனையில் வாங்குவதும் மருந்து. கையாளும் முறை பிசகினால் எதுவும் தீங்கு செய்யும் என்பதை இவ்வூர் மக்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. இவ்விதழில், நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைப் பற்றியும், அதை எடுத்துக்கொள்வோரின் பற்களைப் பற்றியும் பேசுகிறோம்.

ஹெராயின், அபின், போதைக்காக விழுங்கும் வலி மாத்திரைகள் ஆகியவற்றிலிருந்து மீள்வோருக்கு இம்மருந்து தரப்படுகிறது. ஏக்கமும் உடல் நடுக்கமும் அடங்கி, அவர்கள் வேலைக்குச் செல்லவும் வீட்டாருடன் அமர்ந்து உண்ணவும் இது துணை செய்கிறது. ஆயினும் 2022 ஜனவரி 12 அன்று அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. (விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே நாளில்தான்.) வாயில் கரையும் இம்மருந்தை எடுத்துக்கொண்டோரில் 305 பேருக்குப் பற்சொத்தை, வேர்த்தொற்று, பல் இழப்பு போன்ற கோளாறுகள் பதிவாகியிருந்தன, அவற்றுள் 131 கடுமையானவை. முன்பு பற்கோளாறே இல்லாதவர்களும் அவர்களுள் இருந்தனர்.

காரணம் எளிது. மாத்திரை அமிலத்தன்மை உடையது. அது கரையும் ஐந்து, பத்து நிமிடங்களும் பல்லின் மேற்பூச்சு அமிலத்தில் ஊறுகிறது. அமிலத்தை ஆற்ற வேண்டிய உமிழ்நீரும் இம்மருந்தால் குறைகிறது. வெயிலில் காயும் அறையில் நீர் அருந்தாமல் நாள் முழுதும் பட்டாசு வேலை செய்வோருக்கு வாய் மேலும் வறளும். வறட்சிக்குக் கலரும் சர்க்கரை மிகுந்த தேநீரும் குடித்தால் சொத்தை விரைந்து பரவும். சாத்தூர் வெள்ளரிக்காயும் சர்க்கரையற்ற மோரும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன.

மாத்திரை முழுதும் கரைந்த பின் ஒரு பெரிய மிடறு நீரை வாயில் எடுத்து, பற்களிலும் ஈறுகளிலும் படுமாறு மெல்லச் சுழற்றி விழுங்குங்கள். அடுத்த ஒரு மணி நேரம் பல் துலக்காதீர்கள். அமிலத்தில் இளகிய மேற்பூச்சைத் தூரிகையும் பல்பொடியும் தேய்த்து எடுத்துவிடும். காலை வேனைப் பிடிக்க ஓடுவோர், மாத்திரைக்கு முன்பே பல் துலக்கிவிடுவது நல்லது. இரவில் ஃபுளோரைடு கலந்த பற்பசையால் மறவாமல் துலக்க வேண்டும்.

குடும்பத்தாருக்கு நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. மகனின் முன்பல் கறுத்ததைக் கண்ட தாய், “இந்த மாத்திரையே வேண்டாமப்பா, விட்டுவிடு” என்று சொல்வது இயல்பு. பெண் பார்க்க வருவோர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையும் அதில் கலந்திருக்கும். ஆனால் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பழைய ஏக்கம் திரும்பும். இடைவெளிக்குப் பின் பழைய அளவில் போதைப்பொருளை எடுப்பவரின் உடல் அதைத் தாங்காது. மூச்சு நின்று உயிர் போகக்கூடும். சொத்தைப் பல்லை அடைக்கலாம், பிடுங்கலாம், செயற்கைப் பல் வைக்கலாம். ஆகவே, பல்லுக்குப் பல் மருத்துவரை நாடுங்கள். மாத்திரையைப் பற்றிய முடிவை அதைத் தரும் மருத்துவரிடம் விடுங்கள்.

பல் மருத்துவரிடம் உண்மையை மறைக்க வேண்டாம். வெட்கத்தால் பலர் மறைக்கின்றனர். அதன் விளைவு மருந்துச் சீட்டிலேயே தெரியும். பல் வலிக்குச் சிலவேளை எழுதப்படும் டிரமடால், 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்து. புப்ரெனார்ஃபின் எடுப்பவருக்கு அது சரிவர வேலை செய்யாமல் போகலாம். பழைய பழக்கத்தையும் கிளறிவிடலாம். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவையே பெரும்பாலான பல் வலிக்குப் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐபுபுரூஃபன் எடுக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். பல்லை மரக்கச் செய்யும் ஊசிக்கும் இம்மாத்திரை தடையாக இராது.

போதைப் பழக்கத்தில் இருந்த நாட்களில் மரத்திருந்த பல் வலி, சிகிச்சை தொடங்கிய பின் விழித்துக்கொள்வதும் உண்டு. அது புதிய நோயன்று, பழைய சொத்தையே. மாத்திரை தொடங்கும் வாரத்திலேயே வாயை ஒருமுறை காட்டிவிடுங்கள். இனி மாதாந்தர மருந்துக்கு வரும்போது, வாய் உலர்கிறதா, குளிர்நீர் பட்டால் பல் கூசுகிறதா என்று நாங்களும் கேட்போம்.