வார்டுக்குள் ஒரு பொறியியல் வகுப்பு

கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த 2021-இல், விரல் நுனியில் மாட்டும் ஒரு சின்னக் கருவியை நம்பித்தான் எத்தனையோ வீடுகள் இரவுகளைக் கடத்தின. எண் 95-க்கு மேல் இருந்தால் கொஞ்சம் தூக்கம். 90-க்குக் கீழே இறங்கினால் ஆம்புலன்ஸுக்குப் போன். ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் என்ற அந்தக் கருவிக்கு வழிவகுத்தவர் டகுவோ அவோயாகி என்ற ஜப்பானிய மின்பொறியாளர். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவிக்கு அலையத் தொடங்கிய நேரத்தில் அவர் காலமானார்.

1970-களின் தொடக்கத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது வேறொன்றை. ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தி, அது மறையும் வேகத்தைக் காதுமடலில் ஒளி பாய்ச்சி அளந்து, இதயம் இறைக்கும் ரத்தத்தின் அளவைக் கணக்கிடப் பார்த்தார். ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அளவீடு ஆடியது. இரண்டு வெவ்வேறு அலைநீள ஒளிகளைக் கொண்டு அந்த ஆட்டத்தைக் கழித்தார். ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் கணக்கு மறுபடி குலைந்தது. அங்கேதான் அவருக்குப் பொறி தட்டியது. துடிப்போடு சேர்ந்து மாறுவது தமனி ரத்தம். தோலும் எலும்பும் அப்படி மாறுவதில்லை. தொல்லை என்று கழிக்கப் பார்த்த அந்த ஆட்டத்திலிருந்தே, ஊசி குத்தாமல், ஆக்ஸிஜனைக் கண்டுபிடித்துவிடலாம்!

பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் என்றால் என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லத் தோன்றுகிறது. கவுன்சலிங் காலத்தில் பலர் இதை எம்.பி.பி.எஸ். கைநழுவியதற்கு ஆறுதலாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மருத்துவத்தின் பக்கத்திலாவது இருக்க வேண்டும் என்ற அந்த ஆசை நல்ல ஆசைதான். ஆனால் உடற்கூறியலும் உடலியங்கியலும் பாடத்திட்டத்தில் ஒரு பங்கு மட்டுமே. மற்றபடி மின்சுற்றுகள், சிக்னல் பிராசஸிங், பொருளறிவியல் என்று நீளும். அத்தனைக்கும் அடியில் கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கு எதற்கு என்பது இசிஜி சுற்று செய்யும் லேபில் புரியும். நெஞ்சில் ஒட்டிய எலக்ட்ரோடில் கிடைப்பது சுமார் ஒரு மில்லிவோல்ட். சுவருக்குள் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலோ உடலிலேயே ஏறி அதை மூழ்கடித்துவிடும். அந்த இரைச்சலைத் தலைகீழாக்கி, வலது காலில் ஒட்டிய எலக்ட்ரோடு வழியாக உடலுக்கே திருப்பி அனுப்பினால் திரை தெளிகிறது. நோயாளியின் உடலும் சுற்றின் ஒரு பகுதி என்று மாணவர் உணரும் இடம் அது.

சுற்று சரியாக இருந்தாலும் அளவு தவறலாம். ஆக்ஸிமீட்டர் காட்டும் எண், தன்னார்வலர்களின் ரத்தத்தைச் சோதித்து உருவாக்கிய ஓர் அட்டவணையிலிருந்து வருகிறது. அவர்களில் கறுப்புத் தோல் உள்ளவர்கள் போதிய அளவில் இல்லையென்றால் என்ன ஆகும்? 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வொன்று வெளியானது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், உண்மையான ஆக்ஸிஜன் 88-க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களிடம் இது 3.6 சதவீதம். நம் ஊர் விரல்களில் இதே கருவி எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்ற கேள்வியைத் தமிழ்நாட்டுக் கல்லூரி லேப்கள் விடாமல் கேட்க வேண்டும். நமக்காக வேறு யார் கேட்பார்கள்?

கேட்டு, செய்தும் காட்டியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு பழுதான ஏழை நோயாளிகளுக்கு இறக்குமதி வால்வு எட்டாத விலையில் இருந்த காலம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அறுவைச் சிகிச்சை நிபுணர் வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். செயற்கை வால்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 கோடி முறை திறந்து மூட வேண்டும். அதற்காக மிகக் கடினமான சஃபயர் படிகத்தில் தட்டு செய்தார்கள். அது தன்னைத் தாங்கிய டைட்டானியத்தைத் தேய்த்தது. உலோகத்தை மாற்றினார்கள், தட்டே உடைந்தது. நான்காவது வடிவத்தில், உறுதியான ஒருவகை பாலிஎத்திலீன் தட்டு நின்று பிடித்தது. 1990 டிசம்பரில் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. குழுமம் தயாரித்தது, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தியாகிவிட்டது. கடினமானதைத் தேடி, மென்மையானதில் விடை கண்ட இந்தக் கதையை எந்தப் பயோமெட்டீரியல்ஸ் வகுப்பிலும் முதல் நாளே சொல்லலாம்.

அது மருத்துவமனையோடு இணைந்து நடந்த வேலை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ சித்திரை மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினீயரிங் முதுகலைப் படிப்பை நடத்துவதும் இந்தக் காரணத்தால்தான். இளங்கலையில் மருத்துவமனையோடு சேர்ந்து படிக்கும் வாய்ப்பு பலருக்கும் கிடைப்பதில்லை. நாலு வருடமும் வகுப்பறையிலேயே முடிந்துவிடுகிறது. இது பெரிய இழப்பு.

வேலை விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவியை வடிவமைக்கும் வேலைகள் நம் நாட்டில் குறைவு. விற்பனை, சர்வீஸ், மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவு என்றுதான் பலர் தொடங்குகிறார்கள். அதை மட்டமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நள்ளிரவில் வென்டிலேட்டர் நின்றால் ஓடி வருபவருக்கு, எந்தக் குழாய் முதலில் விரிசல் விடும், எந்த அலாரத்தை நர்ஸ்கள் அணைத்துவிடுகிறார்கள், ஏன் அணைக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். நாளைக்கு ஒரு நல்ல கருவியை வடிவமைக்க இந்த அறிவுதான் வேண்டும்.

ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பிளேஸ்மென்ட் பட்டியலோடு இவற்றையும் கேளுங்கள்: எந்த மருத்துவமனையோடு தொடர்பு இருக்கிறது? எந்த செமஸ்டரில் வார்டுக்கு அனுப்புகிறார்கள்? பழுதான சிரிஞ்ச் பம்பை மாணவர்களே திறந்து பார்க்கலாமா? போன வருட புராஜெக்ட்களில் ஒன்றாவது ஒரு டாக்டரோ நர்ஸோ கேட்டுச் செய்து கொடுத்ததா?