அண்ணன் சட்டை தம்பிக்குப் போதும். அண்ணன் எஸ்ஐபி போதாது!



போன மாசம் எங்க சின்னவனுக்கு 5 வயசு முடிஞ்சது. அதே வாரம் பாட்டியைப் பார்க்க சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ராத்திரி ரயில். இவ்வளவு நாளும் எங்க மடியிலயும் அண்ணன் பெர்த் ஓரத்துலயும் ஓசிப் பயணம் பண்ணினவனுக்கு, இந்தத் தடவை அவன் பேர்லயே ஒரு பெர்த். டிடிஆர் பேரைப் படிச்சதும் "நான்தான்!"னு எழுந்து நின்னுட்டான். அம்மாவா எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும். ஆடிட்டரா, ஒரு முழு டிக்கெட் கூடிடுச்சேன்னு உள்ளுக்குள்ள கணக்கு ஓடுச்சு.

லைட்டை அணைச்சதுக்கு அப்புறம் மேல் பெர்த்துலேருந்து பெரியவன் (9 வயசு) கேட்டான்: "அம்மா, எனக்கு காலேஜுக்குப் பணம் சேக்கறேன்னு வீடியோல சொன்னியே... தம்பிக்கு எங்க சேக்கற?"

என்கிட்ட பதில் இல்லை. ஏன்னா சேர்க்கவே இல்லை.

ஊருக்கெல்லாம் "குழந்தை பேர் வெக்கிறதுக்கு முன்னாடி எஸ்ஐபி போடுங்க"ன்னு சொல்ற நான், ரெண்டாவது பையனுக்கு ஒரு ரூபாய் கூடத் தனியா எடுத்து வெக்கலை. பெரியவனுக்கு 2 வயசுலயே மாசம் 5,000 ரூபாய் ஆரம்பிச்சாச்சு. சின்னவனுக்கு 2 வயசு ஆனப்போ வீட்டுக் கடன் இஎம்ஐ புதுசா ஆரம்பிச்சிருந்தது. "அடுத்த ஏப்ரல்ல போடலாம்"னு சொன்னோம். மூணு ஏப்ரல் போயிடுச்சு.

ரெண்டு பசங்களை வளர்க்கற வீடுகள்ல இது சகஜமா நடக்கற தப்பு. அதனால இன்னைக்கு என் கதையை வெச்சே, சின்னச் சின்ன மைல்கல் ஒவ்வொண்ணுலயும் பணம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு பார்க்கலாம்.

எது கைமாறும், எது கைமாறாது?

முதல் குழந்தைக்கு எல்லாமே புதுசு. தொட்டில், நடைவண்டி, ஸ்வெட்டர், மூணு சக்கர சைக்கிள். ரெண்டாவதுக்கு அதெல்லாம் அட்டைப்பெட்டியிலேருந்து இறங்கும். எங்க வீட்டுல யூனிஃபார்ம் கூட அப்படித்தான். பெரியவனோட ஒண்ணாம் வகுப்பு டவுசரை மடிச்சுத் தைச்சு வெச்சிருக்கேன். அதனால "ரெண்டாவது குழந்தைக்குச் செலவு கம்மி"ன்னு மனசுல ஒரு எண்ணம் உட்கார்ந்துடுது.

ஆனா கைமாறுற பொருட்கள் எல்லாமே சின்னத் தொகை. பெரிய தொகை எதுவும் கைமாறாது. ஸ்கூல் ஃபீஸ், வேன், டாக்டர், காலேஜ், இதுல அண்ணன் கட்டினதைத் தம்பி போட்டுக்க முடியாது. அதைவிட முக்கியம், தம்பிக்கு அதே விஷயம் விலை அதிகம்.

ஒரு உதாரணம். ஃபீஸ் வருஷத்துக்கு 8% ஏறுதுன்னு வெச்சுக்கங்க. பெரியவன் ஒண்ணாம் வகுப்புக்கு 50,000 கட்டியிருந்தா, 4 வருஷம் கழிச்சு அதே ஸ்கூல், அதே வகுப்பு, அதே பெஞ்சுக்குச் சின்னவனுக்கு 68,000. டவுசர்ல மிச்சம் பிடிச்ச 600 ரூபாயைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கிட்டு, 18,000 ரூபாயைக் கவனிக்காம விட்டுடறோம்.

5,000 எப்படி 10,000 ஆச்சு?

ரயில்லேருந்து இறங்கின அன்னைக்கே கால்குலேட்டரை எடுத்தேன். வருஷம் 10% வருமானம்னு வெச்சுப் போட்ட கணக்கு இது. மியூச்சுவல் ஃபண்டுல இதுக்கு உத்தரவாதம் கிடையாது, கூடலாம், குறையலாம்.

பெரியவன்: 2 வயசுலேருந்து 18 வரை 16 வருஷம், மாசம் 5,000. கடைசியில சுமார் 23.7 லட்சம்.

சின்னவன்: இன்னைக்கு ஆரம்பிச்சா 13 வருஷம், அதே 5,000. கடைசியில சுமார் 16 லட்சம்.

போடாம விட்டது 3 வருஷத்துக்கு 1.8 லட்சம்தான். ஆனா கடைசியில குறையறது 7.7 லட்சம்.

சரி, அவனுக்கும் அதே 23.7 லட்சம் வேணும்னா? மாசம் சுமார் 7,400 போடணும். இங்கதான் நிறைய பேர் கணக்கை மூடிடுவாங்க. ஆனா சின்னவன் காலேஜ் போறது அண்ணனுக்கு 4 வருஷம் கழிச்சு. அண்ணன் 23.7 லட்சத்துல படிக்கிற அதே படிப்பு, 8% விலையேற்றத்துல தம்பிக்கு 32 லட்சத்தைத் தாண்டும். அதுக்கு இன்னைக்கு மாசம் சுமார் 10,000 வேணும். அவனோட 2 வயசுலயே ஆரம்பிச்சிருந்தா 6,800 போதும்.

ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 5,000 போட்டா சமமா நடத்தறோம்னு நினைப்போம். கணக்கு அப்படிச் சொல்லலை.

எடுத்த உடனே 10,000 எங்களால முடியாது. அதனால மாசம் 6,100-ல ஆரம்பிச்சு, வருஷா வருஷம் 10% ஏத்தறதா முடிவு பண்ணினோம். சம்பளம் ஏறும்போது எஸ்ஐபியும் ஏறும். 13 வருஷத்துல கிட்டத்தட்ட அதே 32 லட்சத்துக்கு வந்துடும். போன மாசத்தோட என் கணவரோட பைக் லோன் முடிஞ்சது. அந்த இஎம்ஐ பணம் அக்கவுண்ட்ல தங்கிச் செலவாகறதுக்கு முன்னாடியே, கூடக் கொஞ்சம் போட்டு இதுல திருப்பி விட்டுட்டோம். காலேஜுக்கு 3 வருஷம் இருக்கும்போதே பங்குச் சந்தை ஃபண்டுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா பாதுகாப்பான இடத்துக்கு மாத்தணும், அதையும் இப்பவே எழுதி வெச்சாச்சு.

யார் பேர்ல போடறது?

இந்தக் கேள்வி என்கிட்ட வாரம் ஒரு தடவையாவது வரும். நாங்க பசங்க பேர்ல போடலை. எங்க பேர்லயே, ஆளுக்கு ஒரு தனி ஃபோலியோ. மூணு காரணம்.

ஒண்ணு, மைனர் பேர்ல போட்டாலும் அந்த வருமானம் பெற்றோர்ல யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க கணக்குல சேரும். குழந்தைக்கு வருஷம் 1,500 ரூபாய் விலக்கு இருக்கு, அதுவும் பழைய வரி முறையில மட்டும்தான். அதனால "குழந்தை பேர்ல போட்டா வரி இல்லை"ங்கறது தப்பு. (பையன் தன் திறமையால சம்பாதிச்சா அது வேற கதை.)

ரெண்டு, 18 வயசு ஆனதும் அந்த ஃபோலியோவுல பரிவர்த்தனை நின்னுடும். அவன் பேர்ல கேஒய்சி முடிச்சு மேஜர்னு மாத்தணும். அதுக்கப்புறம் அந்தப் பணம் சட்டப்படி அவனோடது. படிப்பா, பைக்கான்னு அவன்தான் முடிவு பண்ணுவான்.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். ரெண்டு பேருக்கும் என்ன தேவைன்னு இன்னைக்கு யாருக்குத் தெரியும்? ஒருத்தன் பாலிடெக்னிக் போகலாம், இன்னொருத்தன் மெடிக்கல் கேட்கலாம். எங்க பேர்ல இருந்தா, தேவையைப் பார்த்து மாத்த முடியும்.

பிபிஎஃப் பத்தி ஒரு வார்த்தை. செல்வமகள் திட்டம் பெண் குழந்தைக்கு மட்டும்தான். போஸ்ட் ஆபீஸ்ல பையனுக்குன்னு சொல்ற "பொன்மகன்" திட்டம் நமக்குத் தெரிஞ்ச பிபிஎஃப்தான். ஒரு பெற்றோர் கார்டியனா இருந்தா, தன் கணக்கு, மைனர் கணக்கு எல்லாம் சேர்த்து வருஷம் 1.5 லட்சம்தான் உச்சவரம்பு. ஆளுக்கு 1.5 லட்சம்னு மூணு கணக்குல போட்டுட்டு வந்து நின்னவங்களைப் பார்த்திருக்கேன். அதிகமா போட்டதுக்கு வட்டி கிடைக்காது.

வயசோட வர்ற சின்ன வேலைகள்

5 வயசு: ரயில்ல 5 வயசுக்குக் கீழ, தனி பெர்த் கேட்காத வரை டிக்கெட் வேண்டாம். அதுக்கப்புறம் 12 வயசு வரை, பெர்த் வேண்டாம்னா பாதிக் கட்டணம், பெர்த் வேணும்னா முழுக் கட்டணம். 2016 ஏப்ரல்லேருந்து இதுதான் விதி. நம்ம அரசு பஸ்ல 5 வயசு வரை இலவசம், அப்புறம் 12 வரை அரை டிக்கெட். நீல நிற ஆதார்ல கைரேகை இருக்காது. 5 வயசு ஆனதும் பதிவு பண்ணணும், 15 வயசுல மறுபடியும். முதல் பதிவை 5-லேருந்து 7 வயசுக்குள்ள முடிச்சா கட்டணம் இல்லை.

ஸ்கூல் சேர்க்கும்போது: பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரோட ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பாருங்க. எங்க ரெண்டு பசங்க சான்றிதழ்லயும் ஒரு எழுத்து வித்தியாசம். சின்னவனைச் சேர்க்கும்போதுதான் கவனிச்சோம். "ஒரே அப்பாதானா?"ன்னு கிளார்க் கேட்டதும் என் கணவர் முகத்தைப் பார்க்கணுமே! சிரிச்சாலும், திருத்தறதுக்கு ரெண்டு நாள் லீவு போச்சு. பின்னாடி பாஸ்போர்ட்டுக்கு நிக்கும்போது தெரிஞ்சிருந்தா இன்னும் கஷ்டம்.

10 வயசு: 10 வயசு ஆன குழந்தை தானே வங்கிக் கணக்கு திறந்து நடத்தலாம்னு ரிசர்வ் வங்கி அனுமதிச்சிருக்கு, எவ்வளவு வரைன்னு அந்தந்த வங்கி முடிவு பண்ணும். பெரியவனுக்கு அடுத்த வருஷம். இப்போதைக்கு வாரம் அவனுக்கு 30 ரூபாய், சின்னவனுக்கு 15. சின்னவன் பத்து ரூபாய் நோட்டு கொடுத்தா வாங்க மாட்டான். மூணு அஞ்சு ரூபாய் காயின் வேணும். "என்கிட்டதான் நிறைய இருக்கு"ன்னு உண்டியலை ஆட்டிக் காட்டுவான்.

இன்சூரன்ஸ்: முதல் குழந்தை பிறந்தப்போ எடுத்த டேர்ம் பாலிசித் தொகை ரெண்டு பேருக்கும் போதுமான்னு பாருங்க. நாமினி பத்தியில சின்னவன் பேர் இருக்கான்னும் பாருங்க. மைனரை நாமினியா போட்டா, அவன் சார்பா பணத்தை வாங்க ஒரு பெரியவரை நியமிக்கணும். ஹெல்த் பாலிசியில ரெண்டாவது குழந்தையைச் சேர்த்தாச்சான்னும் இன்னைக்கே பார்த்துடுங்க.

ஒரு நோட்டு போதும்

இதை எல்லாம் ஏன் இவ்வளவு தீவிரமா சொல்றேன்னா, ஒரு அனுபவம் இருக்கு. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு அண்ணனும் தம்பியும் அப்பாவோட கடைக் கணக்கைப் பிரிக்க என் ஆபீஸுக்கு வந்தாங்க. ரெண்டு பேருக்கும் நாப்பது வயசுக்கு மேல. பெரியவரைப் பன்னிரண்டாவது முடிச்சதும் கடையில உட்கார வெச்சாங்க, சின்னவரை இன்ஜினியரிங் படிக்க வெச்சாங்க. நிலம், நகை எதுலயும் தகராறு இல்லை. கையெழுத்து போடற நேரத்துல பெரியவர் சொன்னார்: "நிலத்தை அவனே எடுத்துக்கட்டும் மேடம். எனக்கு ஏன் ஃபீஸ் கட்டலைன்னு அப்பா ஒரு தடவை சொல்லியிருந்தா போதும்." தம்பி மெதுவா, "உனக்குப் படிக்க ஆசை இருந்துச்சுன்னு எனக்கு இன்னைக்குத்தாண்ணே தெரியும்"னார். அதுக்கு மேல கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

அந்த அப்பாகிட்ட காரணம் இருந்திருக்கும். அந்த வருஷம் கையில காசு இல்லாம இருந்திருக்கலாம். ஆனா அது எங்கயும் எழுதப்படலை, யார்கிட்டயும் சொல்லப்படலை.

அதனால இப்போ எங்க வீட்டுல ஒரு நோட்டு இருக்கு. இடது பக்கம் பெரியவன், வலது பக்கம் சின்னவன். யாருக்கு எவ்வளவு சேர்த்தோம், யாருக்கு ஏன் கூட, யாருக்கு ஏன் கம்மின்னு ஒவ்வொரு ஏப்ரல்லயும் எழுதறோம். சின்னவன் பக்கத்துல முதல் வரி: "மூணு வருஷம் தாமதம். காரணம் வீட்டுக் கடன். தப்பு எங்களோடது."

எஸ்ஐபி பதிவான அன்னைக்கே பெரியவன்கிட்ட சொன்னேன். "எவ்ளோம்மா?"ன்னான். 6,100-ன்னேன்.

"என்னைவிட ஜாஸ்தியா! அவன் லேட்டா ஏறினதாலயா?"

"அவன் லேட்டா ஏறலைடா. நாங்கதான் அவனுக்கு லேட்டா டிக்கெட் எடுத்தோம்."

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரி, நோட்டுல எழுதிடு"ன்னு சொல்லிட்டு விளையாடப் போயிட்டான்.

உங்க வீட்டுலயும் ரெண்டு பேர் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு நோட்டு, நடுவுல ஒரு கோடு. எந்தப் பக்கம் காலியா இருக்குன்னு பாருங்க. அங்கேருந்து ஆரம்பிங்க, 500 ரூபாயா இருந்தாலும் பரவாயில்லை.

இங்க சொன்னது பொதுவான தகவல்தான். உங்க வருமானம், கடன், குடும்ப நிலைமையைப் பார்த்து, தேவைப்பட்டா ஒரு ஆலோசகர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. வருஷா வருஷம் ஏத்தற எஸ்ஐபி கணக்கை எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோல காட்டறேன்.