ஆணி அறியாத மரம்

தஞ்சை நாடு என்றவுடன் நமக்கு நெல் வயல்தான் நினைவுக்கு வருகிறது. காவேரி கலக்கும் கடற்கரையை எண்ணுவோர் சிலரே. 1991-ம் ஆண்டு வரையில் நாகப்பட்டினமும் தரங்கம்பாடியும் தஞ்சை ஜில்லாவையே சேர்ந்திருந்தன.

அக்கரையின் கட்டுமரத்துக்கு அதன் பெயரே விளக்கம். இலேசான மரங்கள் சிலவற்றை அருகருகே சேர்த்து, முன்னும் பின்னும் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். ஆணி கிடையாது. ஆணியை உப்பு நீர் அரித்துவிடும். அன்றியும், ஆணியடித்த மரம் அலை மோதும்போது விறைத்து நின்று பிளக்கும்; கட்டோ சற்று நெகிழ்ந்து கொடுக்கும். தென்னை நார்க் கயிறு உப்பு நீரில் எளிதில் மக்குவதுமில்லை. முடிச்சு நழுவினால் மரங்கள் பிரிந்து, ஆள் அலையில்!

அம்முடிச்சு இறுகினால் மட்டும் போதுமா? அவிழவும் வேண்டும். கரை சேர்ந்ததும் கட்டைப் பிரித்து மரங்களை மணலில் உலர்த்துவது வழக்கம். நீர் ஊறிய மரம் கனத்து அமிழுமல்லவா? பாய்க் கயிறும் அப்படியே. காற்றுத் திரும்பும்போது நொடியில் தளர்த்த முடியாவிட்டால் மரம் கவிழ்ந்துவிடும்.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளியிட்ட யாத்திரைப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் இம்மரங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். நம் சொல் அவர்கள் பாஷையில் 'காட்டமரான்' ஆயிற்று. இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட கப்பல்களுக்கு அப்பெயர் வழங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், அவற்றுள் பெரும்பாலானவற்றில் கட்டும் இல்லை, மரமும் இல்லை!

2004-ம் ஆண்டின் ஆழிப்பேரலையில் கட்டுமரங்கள் பல சிதறின. பின்னர் நிவாரணமாக வந்தவற்றில் கண்ணாடி இழைப் படகுகளே மிகுதி. அவற்றின் வேகத்தைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் இம்முடிச்சு ஏட்டில் படித்ததன்று; தகப்பன் இழுக்க, பிள்ளை பிடித்துக் கற்றது. மரம் கட்டத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே நம் கலாசாலைகள் அதைப் படம் பிடித்துக் குறித்து வைக்கட்டும்.