கை நீட்டினால் நின்ற பத்மினி

சென்னையிலிருந்து வந்த ரயில் தாதரில் நின்றதும் ஊர்க்காரன் கண்ணில் முதலில் பட்டது கடலும் அல்ல, மாடிக் கட்டடங்களும் அல்ல. ஸ்டேஷனுக்கு வெளியே வரிசையாக நின்ற கறுப்பு மஞ்சள் டாக்சிகள்தான். தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், அரிசி மூட்டை எல்லாவற்றையும் மேலே கேரியரில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டுவார் டிரைவர். தெரிந்த ஒரே இந்தி வார்த்தையோடு "தாராவி" என்பதையும் சேர்த்துச் சொல்லி ஏறி உட்கார்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அந்த வண்டியின் பெயர் பிரிமியர் பத்மினி. ஆனால் நம்மவர் வாயில் அது கடைசிவரை "பியட்"தான்.

2023 அக்டோபர் 30-ந் தேதி முதல் மும்பை வீதிகளில் பத்மினி டாக்சி ஓடுவதில்லை. கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ந் தேதி தாடுதேவ் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானது. மும்பையில் ஒரு டாக்சிக்கு ஆயுள் 20 ஆண்டு. அந்தக் கணக்கு முடிந்தது, வண்டியும் ஓய்வு பெற்றது. அதற்கு ஆறு வாரம் முன்பு, செப்டம்பர் 15-ந் தேதி, பெஸ்ட் நிறுவனத்தின் டீசல் மாடி பஸ்களும் விடைபெற்றிருந்தன. ஒரு பத்மினியையாவது காட்சிக்கு வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று டாக்சிக்காரர் சங்கம் கேட்டது.

ஏ.சி. இல்லை. கதவை அறைந்து சாத்தினால்தான் மூடும். மழைக்காலத்தில் கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் சொட்டும். அப்படிப்பட்ட வண்டி மீது ஏன் இத்தனை பாசம்? பழைய கார் உண்மையிலேயே நல்ல காரா, அல்லது நம் இளமைதான் அதில் உட்கார்ந்திருக்கிறதா?

குர்லாவில் பிறந்த கார்

பத்மினி வெளியூர்ச் சரக்கு அல்ல. நமக்குப் பக்கத்திலேயே, குர்லாவில் பிறந்தது. தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் 1944-ல் தொடங்கிய பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் முதலில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி வண்டிகளைப் பூட்டி விற்றது. 1950-களில் இத்தாலியின் பியட் கம்பெனியோடு கூட்டு வைத்தது. 1964-ல் வந்தது பியட் 1100 டிலைட். அதே கார்தான் 1974-ல் பத்மினி என்று பெயர் மாறியது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது.

அந்த நாளில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவருக்கு மூன்றே வழி. வங்காளத்தில் உத்தரபாராவில் செய்த அம்பாசிடர், பம்பாயில் செய்த பியட், நம் சென்னையை அடுத்து வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கல்கத்தா டாக்சிக்கு அம்பாசிடர், பம்பாய் டாக்சிக்கு பியட் என்று ஆயிற்று. நம் ஊர் ஹெரால்டு டாக்சித் தொழிலில் நிற்கவில்லை. அந்தக் கம்பெனியே 1980-களின் இறுதியில் மூடப்பட்டது.

பணம் இருந்தாலும் கார் உடனே கிடைக்காது. முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். குமாஸ்தாச் சம்பளக்காரனுக்குக் காத்திருக்கிற வேலையும் இல்லை, காரும் இல்லை. அவன் கார் ஏறியது மூன்றே சமயங்களில்: ஊரிலிருந்து வரும்போது, பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு. மூன்றுக்கும் வந்தது இந்த வண்டிதான். பாசத்துக்கு அதுவே பாதிக் காரணம்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சின்ன வண்டி, குறைந்த பெட்ரோல், தொட்டால் கிளம்பும் எஞ்சின். வீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் போனார்கள். டாக்சிக்காரர்கள் போகவில்லை. 1990-களில் மும்பையின் டாக்சிகள் 60,000-ஐத் தாண்டிய காலத்திலும் அவற்றில் பெரும்பாலானவை பத்மினிகளே. 2000-ஐ ஒட்டிக் குர்லாவில் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன.

மெக்கானிக்கின் காது

டாக்சிக்காரர் ஏன் மாறவில்லை? இந்தக் கேள்வியைத் தாராவியில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வந்தவர். அவர் கையில் தேறிய பியட்டுகளுக்குக் கணக்கில்லை.

"அண்ணாச்சி, அந்த வண்டி பேசும். எங்கே வலிக்கிதுன்னு அதுவே சொல்லும். புதுசு பேசாது. ஒயரை மாட்டி மெஷின்கிட்டதான் கேக்கணும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி. நான்கு சிலிண்டர். பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கார்பரேட்டரில் தூசி அடைத்தால் கழற்றி ஊதலாம். பாயிண்ட் கரிந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் போடலாம். மே மாத வெயிலில் பெட்ரோல் பம்பு சூடேறி, பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். டிரைவர் ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வருவார். வண்டி கிளம்பும்.

புதிய காரில் கார்பரேட்டர் இல்லை. எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்பதை ஒரு சிறு கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. அதனால்தான் புகையும் குறைவு, பெட்ரோலும் மிச்சம். ஆனால் ஒரு சென்சார் கெட்டால் வண்டி நின்றுவிடும். அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்தாலும் பழுது பார்க்க முடியாது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும்.

பியட்டுக்கு அப்படி அல்ல. புதுச் சாமான் கிடைக்காவிட்டால் குர்லா பழைய சாமான் கடைகளில் ஏதாவது ஒரு வண்டியின் பாகம் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் லேத்துப் பட்டறையில் கடைந்து போடுவார்கள். நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டியவனுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் அடுப்பு எரியாது. காலையில் நின்ற வண்டி மத்தியானத்துக்குள் கிளம்ப வேண்டும், செலவும் அவன் பைக்குள் அடங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பியட் ஒத்துவந்தது. அவன் அதை விடாததற்கு இதுதான் காரணம்.

அந்த மீட்டரை மறக்க முடியுமா? இடது பக்கம் வெளியே நிற்கும் இரும்புப் பெட்டி. கொடியைத் திருப்பினால் டிக்டிக் என்று ஓடத் தொடங்கும். இறங்கும்போது அதில் காட்டுகிற எண் வாடகை அல்ல. டிரைவர் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்து, இந்த எண்ணுக்கு இத்தனை ரூபாய் என்பார். கணக்கில் கெட்டிக்காரரான நம் குமாஸ்தாக்கள் அட்டையைத் தாங்களும் வாங்கிப் பார்த்த பிறகே பையில் கைவிடுவார்கள். மின்னணு மீட்டர் வந்து அந்த வழக்கையெல்லாம் தீர்த்து வைத்தது.

வரவும் செலவும்

இனி மறுபக்கக் கணக்கையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது நியாயமான பேரேடு ஆகாது.

"பழைய கார் கனமான தகடு, மோதினாலும் ஒன்றும் ஆகாது" என்று பலர் சொல்கிறார்கள். இது தவறு. புதிய காரின் முன்பக்கம் மோதும்போது நசுங்கும்படியே செய்யப்பட்டிருக்கிறது. அது நசுங்குவதில் அடியின் வேகம் செலவாகிவிடுகிறது. தகடு நசுங்காமல் நின்றால் அந்த வேகம் உள்ளே இருக்கும் மனிதன் மேல் வந்து சேரும். பத்மினியில் காற்றுப் பை கிடையாது. பழைய வண்டிகளில் சீட் பெல்ட்டும் கிடையாது. இன்றோ 2019 ஜூலை முதல் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் டிரைவருக்குக் காற்றுப் பை கட்டாயம்.

புகை இன்னொன்று. செம்பூர்வாசிகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாகுல் பக்கத்து எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் போதாதென்று, ரோட்டில் போகிற வண்டிப் புகையும் சேர்ந்து நெஞ்சை அடைத்தது. நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு டாக்சிகள் சி.என்.ஜி. வாயுவுக்கு மாறின. அதன் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டது. பெட்டிகள் மறுபடியும் மேல் கேரியருக்குப் போயின. 2020 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பாரத் ஆறு விதிக்கு முன் பழைய எஞ்சின் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பத்மினிக்காகக் கண்ணீர் விடுபவர்கள், அதன் பின்னால் சைக்கிளில் போனவனின் இருமலையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தாராவி மெக்கானிக்கிடம் இதையும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. போன மழையில் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்தபோது சயான் ஆஸ்பத்திரிக்கு எந்த வண்டியில் போனீர்கள் என்றேன். "புது வண்டிலதான். கண்ணாடியை ஏத்திட்டு ஏ.சி. போட்டாத்தான் அவளால மூச்சு விட முடிஞ்சுது" என்றார். சற்று நேரம் கழித்து, "வண்டி நல்ல வண்டிதான் அண்ணாச்சி. ஆனா அது நின்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அவர் மனத்தில் இருந்த சங்கடம் அந்தக் கடைசி வாக்கியத்தில் வெளிவந்துவிட்டது. கார் மட்டும் பழசாகவில்லை. நாற்பது ஆண்டு கற்ற கைத்தொழிலும் கூடவே பழசாகிவிட்டது. அவர் மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டுக் கம்பெனி ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறான். மெஷினை வைத்துக் குறை கண்டுபிடிக்கிறான். அப்பாவின் கடையில் இப்போது பஞ்சர், பிரேக், பழைய ஸ்கூட்டர் வேலைதான்.

வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

டாக்சி போனாலும் சொந்த உபயோகத்துக்கான பத்மினிகள் மாதுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் சில சந்துகளில் போர்வை போர்த்தி நிற்கின்றன. அப்பா வாங்கியது, விற்க மனமில்லை என்பார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. டாக்சிக்கான 20 ஆண்டு வரம்பு சொந்தக் காருக்குப் பொருந்தாது. 15 ஆண்டு முடிந்ததும் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். ஆனால் ரூ.600 ஆக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆயிற்று. மகாராஷ்டிரத்தில் பசுமை வரியும் உண்டு.

50 ஆண்டு தாண்டி, உருமாற்றாமல் வைத்திருக்கும் கார்களுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி செய்தது. பதிவுக்கு ரூ.20,000. வாடகைக்கும் அன்றாட ஓட்டத்துக்கும் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். 1974-ல் பிறந்த முதல் பத்மினிகள் 2024-லேயே அந்த வயதைத் தொட்டுவிட்டன. ஆக, ரோட்டிலிருந்து இறங்கிய டாக்சியின் அக்காள்மார் இப்போது ராஜாக்கள் வைத்திருந்த கார்களின் பந்தியில் உட்காரத் தகுதி பெற்றுவிட்டார்கள்!

அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறையாவது வண்டியைக் கிளப்புங்கள். கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடும் முன் ஒரு பழைய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். தாராவியிலும் குர்லாவிலும் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் மெக்கானிக்குக்கு மாதம் ஒரு முறை செம்பூரிலிருந்து அப்படி ஓர் அழைப்பு வருகிறது. அன்று மட்டும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பழைய சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். போகும்போது முகத்தில் வழித்த சவரம், மேலே துவைத்த சட்டை.