மாஸ்டர் ஏன் சும்மா நிற்கிறார்?

கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால், "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்" என்ற பேச்சுதான் முதலில் வரும். பெரிய தொகையை எடுத்து வைக்குமுன், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஓட்டல் சமையலறையை எட்டிப் பார்த்திருந்தால் போதும், புரிந்துவிடும்.

அடுப்படியில் நிற்கும் மாஸ்டர்தான் பிராசஸர். அவர் கைக்கு எட்டும் மேடை, ரேம். சாமான்கள் அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூம், ஹார்ட் டிஸ்க்.

நீங்கள் பில்லிங் மென்பொருளைத் திறக்கிறீர்கள். முதலில், ஸ்டோரிலிருந்து சாமான் மேடைக்கு வர வேண்டும். பிறகுதான் மாஸ்டர் கரண்டியைத் தொடுவார். தாமதம் பெரும்பாலும் அந்த முதல் படியில்தான்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு ஒரு சிறு கை நகர்ந்துபோய், தட்டு சுற்றி வரும்வரை காத்திருந்து எடுக்கிறது. ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லி விநாடி. இப்படி ஆயிரம் தடவை போய் வந்தால் 10 விநாடி. அத்தனை நேரமும், விநாடிக்குக் கோடிக்கணக்கில் கணக்குப் போடக்கூடிய மாஸ்டர் சும்மா நிற்கிறார்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. தகவல் சிப்பிலிருந்தே வருவதால் ஒரு தடவைக்குச் சுமார் 0.1 மில்லி விநாடிதான். ஆகவே மாஸ்டர் அதே மாஸ்டர், வேலை மட்டும் மளமளவென்று நடக்கும்.

அடுத்தது மேடை. 4 ஜிபி ரேமில் பில்லிங், பிரவுசர், வாட்ஸ்அப் மூன்றும் திறந்திருந்தால் இடம் போதாது. அப்போது, பாதி நறுக்கிய காயையே ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பி, தேவைப்படும்போது மறுபடி எடுத்துவர வேண்டியிருக்கும். 8 ஜிபி ஆக்கினால் இந்த அலைச்சல் பெரிதும் குறையும்.

உங்கள் கம்ப்யூட்டரில் சிக்கல் எங்கே? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கம்போல் வேலை செய்தபடி கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தைத் தொட்டு, சிபியு, அதாவது பிராசஸர், குறைவாகவே இருந்தால், எஸ்எஸ்டி போடுங்கள். மெமரி எப்போதும் 90-ஐ ஒட்டி நின்றால், ரேம் கூட்டுங்கள். சிபியுவே ஓயாமல் 100-இல் இருந்தால், முதலில் வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாஸ்டருக்கே முடியவில்லை என்று பொருள்; புதியது வாங்குவது அப்போது நியாயம்.

கடைக்குப் போகுமுன், பழைய ரேம் டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று குறித்துக்கொள்ளுங்கள்; ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுமுன், கணக்குகளை வேறொரு டிரைவில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு வரம்பு உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் அது இல்லை. வேலையெல்லாம் பிரவுசரிலேயே முடிந்துவிடும் என்றால், விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போதும். பில்லிங் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால், விண்டோஸ் 11 ஏறுமா என்று உறுதி செய்த பிறகே எஸ்எஸ்டிக்குப் பணம் கொடுங்கள்.