ஞானஸ்நானத்துக்குப் பிறகு வந்த 36 ஆண்டுகள்

திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவக் குடும்பமொன்றில் 1827ல் பிறந்தவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த காலத்தில் கிறிஸ்தவம் அவருக்கு நெருக்கமாயிற்று. 1858ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். பெரும்பாலும் இத்தோடு அவருடைய சாட்சியைச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அவருடைய காவியமான 'இரட்சணிய யாத்திரிகம்' நூலாக வந்ததோ 1894ல். அதற்குள் 36 ஆண்டுகள் ஓடி, அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். சிறுவயதில் கற்ற கம்பனை விசுவாசத்துக்கு வந்ததும் அவர் கைவிடவில்லை. அந்தத் தமிழையே கிறிஸ்துவைப் பாடப் பழக்கினார். கற்ற கல்வி முழுவதும் விசுவாசத்துக்குள் வந்து சேர அத்தனை காலம் பிடித்தது. அதைத் தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வளர்ச்சி என்றே சொல்வேன்.

அவர் தழுவிய மூலநூல், ஜான் பனியன் 1678ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. பெட்ஃபோர்டு சிறையில் சுமார் 12 ஆண்டுகள் கிடந்தவர் பனியன். அந்தக் கதையில் பயணியின் பாவச்சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. அது நடப்பது கதையின் தொடக்கப் பகுதியிலேயே! செங்குத்தான மலை, தாழ்மையின் பள்ளத்தாக்கு, நண்பனைப் பலிகொள்ளும் மாயச் சந்தை எல்லாம் அதற்கு அப்பால்தான் வருகின்றன. சந்தேகக் கோட்டையில் அடைபட்டு நாட்கணக்கில் அடிவாங்கிய பிறகே, வாக்குத்தத்தம் என்ற சாவி தன் மடியிலேயே இருப்பது அவனுக்கு நினைவு வருகிறது. இவ்வளவையும் கடந்தவன் கடைசி ஆற்றில் இறங்கும்போது பயந்து மூழ்கப்போகிறான். கூட வந்தவன்தான் தலையைத் தாங்கிப் பிடிக்கிறான். முதிர்ந்த விசுவாசிக்கும் மரணபயம் வரும், அப்போது ஒரு துணை வேண்டும் என்று இவ்வளவு நேர்மையாகச் சொன்ன பக்தி நூல்கள் குறைவு.

நம் சபைகளில் நடப்பது என்ன? ஓய்வுநாள் பள்ளி, மனப்பாட வசனம், திடப்படுத்தல், முதல் நற்கருணை. அதற்குமேல் ஒருவரின் விசுவாசம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர், வேலை இழந்தவர், வருடக்கணக்கில் ஜெபித்தும் பதில் காணாதவர் எல்லாரும் பதினைந்து வயதில் கற்ற பதில்களோடுதான் நாற்பதிலும் அறுபதிலும் போராடுகிறார்கள். சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால் பின்மாற்றம் என்று பெயர் வைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. அது பின்மாற்றம் இல்லை. வழியில் வருமென்று பனியன் முன்பே எழுதிவைத்த இடம் அது.

போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு மாலையாவது பெரியவர்களைக் கூட்டி 'இரட்சணிய யாத்திரிக'த்தைச் சேர்ந்து வாசியுங்கள். செய்யுள் கடினமாக இருந்தால் தமிழாசிரியர் ஒருவரை அழைத்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும், இப்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று வந்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பிரசங்கம் செய்யாமல் கேளுங்கள்.