தொழுநோயும் நரம்பைக் காட்டும் படங்களும்

உடலில் தோன்றும் அழற்சிகளுள் சில விரைவில் தோன்றி விரைவில் அடங்கும். சில ஆண்டுக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். பின்னது நரம்பைப் பற்றுமாயின் உணர்வும் இயக்கமும் சிறிது சிறிதாகக் குன்றும். இத்தகைய நோய்களுள் தமிழர் வாழும் நாடுகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது தொழுநோயாகும். இதனைத் தோல்நோய் என்றே பலர் கருதுவர். ஆயினும் இது தோலையும் நரம்பையும் ஒருங்கே தாக்குவது; கைகால் ஊனத்திற்குக் காரணமாவது நரம்பின் கேடே. அக்கேட்டை ஊனம் நேருமுன் கண்டறிய மீயொலிப் படமும் காந்த ஒத்ததிர்வுப் படமும் இன்று துணைபுரிகின்றன.

நரம்பு என்னும் சொல்

பழந்தமிழில் 'நரம்பு' என்பது யாழின் தந்தியையும் குறித்தது. பேச்சு வழக்கிலோ புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயையும் 'நரம்பு' என்றே சொல்கின்றோம். அது சிரை, குருதியைக் கொண்டு செல்வது. மருத்துவ நூலார் கூறும் நரம்பு, உணர்வையும் கட்டளையையும் கொண்டு செல்லும் வெண்ணிற இழைக்கற்றை. 'நரம்பு தடித்துள்ளது' என்று மருத்துவர் கூறும்பொழுது இவ்விரண்டையும் மயக்கிக் கொள்ளலாகாது.

ஒதுக்கிவைத்த காலம்

பாகான் டாலாம் அமைந்த பெருநிலக் கரைக்கும் பினாங்குத் தீவுக்கும் இடைப்பட்ட கடலில், தெற்கே, ஜெரஜாக் என்னும் சிறு தீவு உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழுநோயாளரை ஒதுக்கிவைக்கும் இடமாக அது அமைந்தது. 1873இல் நார்வே நாட்டு ஆன்சன் இந்நோயின் நுண்ணுயிரைக் கண்டார். ஆனால் அதனைக் கொல்லும் நல்ல மருந்து அப்பொழுது இல்லை. 1930இல் சிலாங்கூரில் சுங்கை பூலோக் குடியிருப்பு திறக்கப்பட்டது. அக்காலத்தில் மடங்கிய விரலையும் உருமாறிய முகத்தையும் கண்டே மக்கள் நோயை அறிந்தனர். அவையோ நோயின் தொடக்கமல்ல. நரம்பு கெட்டதன் விளைவு.

இவ்வுண்மையைத் தெளிவாக்கியவருள் முதன்மையானவர் மருத்துவர் பால் பிராண்டு. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த இவர், நோயாளரின் விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை, உணர்விழந்த விரல் சூட்டினாலும் காயத்தினாலும் சிதைகின்றது என்று காட்டினார். செயலற்ற கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது.

நரம்பில் நிகழ்வது யாது?

தொழுநோய் நுண்ணுயிர் உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. ஆதலின் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளில் அது குடிகொள்ளும். முழங்கையின் உட்புறத்து நரம்பும், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்து நரம்பும், காதின் கீழே கழுத்தில் ஓடும் நரம்பும் அதற்குரிய இடங்கள். நுண்ணுயிரை எதிர்த்து உடல் தொடுக்கும் போரே அழற்சியாகி நரம்பை வீங்கச் செய்கின்றது. சில வேளை இவ்வழற்சி திடுமென மிகும். அதனை எதிர்விளைவு என்பர். நரம்பு செயலிழந்து ஆறு திங்களுக்குள் அழற்சியடக்கும் மருந்து கொடுப்பின் இழந்த செயல் மீளக்கூடும். காலம் கடந்தால் மீள்வது அரிது. ஆகவே காலமறிந்து காண்பதே இங்கு மருத்துவத்தின் உயிர்நிலை.

மீயொலி காட்டுவது

மருத்துவர் முன்பும் இன்றும் விரலால் நரம்பை உருட்டிப் பார்த்தே தடிப்பை அறிகின்றனர். ஆனால் ஒருவர் விரலுக்குத் தடிப்பாகத் தோன்றுவது மற்றொருவர் விரலுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. மீயொலிக் கருவி இதனை அளவாக மாற்றுகின்றது. நொடிக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட அதிர்வுள்ள ஒலி, தோலின் வழியே சென்று எதிரொலித்துப் படமாகின்றது. நலமுள்ள நரம்பின் குறுக்குவெட்டு தேன்கூடு போல் தோன்றும். நோயுற்ற நரம்பு பருத்து, அக்கூட்டமைப்பு மங்கிக் கருமையாகும். முழங்கை நரம்பு தொழுநோயில் மிகுதியாகத் தடிப்பது மூட்டெலும்பிற்குச் சில சென்டிமீட்டர் மேலே. வெறும் நெருக்குதலால் வரும் நோயிலோ தடிப்பு மூட்டின் அருகிலேயே அமையும். இடத்தைக் கொண்டே காரணத்தை ஊகிக்க இது வழியாகின்றது.

குருதியோட்டத்தை வண்ணத்தில் காட்டும் முறையும் உண்டு. நலமான நரம்பினுள் பெரும்பாலும் வண்ணம் தோன்றுவதில்லை, எதிர்விளைவின்போது தோன்றும். ஐதராபாத்தில் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, தடிப்பையும் இவ்வோட்டத்தையும் மீயொலியால் காணலாம் என நிறுவியது. தோலில் படையே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் தொழுநோயில் இதன் பயன் பெரிது.

ஒப்புமையும் வேற்றுமையும்

உடலின் காப்பாற்றலே தன் நரம்புறையைத் தாக்கும் நெடுநாள் நரம்பழற்சி வேறொன்று உண்டு. அதிலும் நரம்பு தடிக்கும். ஆனால் தண்டுவடத்தை அடுத்த ஆழமான வேர்களும் தடிக்கும். அவ்வாழத்தைக் காட்டவல்லது காந்த ஒத்ததிர்வுப் படம். 2021இல் நரம்பியல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டு நெறி, இந்நோயைத் துணிவதற்கு இவ்விருவகைப் படங்களையும் துணைச்சான்றாக ஏற்றது. துணைச்சான்று என்னும் சொல் கருதத்தக்கது. படம் நரம்பின் வடிவத்தைக் காட்டும். காரணத்தைத் தானே கூறாது. நீரிழிவிலும் நரம்பு சிறிது தடிக்கலாம். ஆதலின் உணர்வுத் தேர்வு, தோல் ஊனீர்ச் சோதனை, மின்கடத்தல் சோதனை, வேண்டுமிடத்துத் திசுச் சோதனை ஆகியவற்றோடு சேர்த்தே முடிவு காணல் வேண்டும். கருவி இல்லாத சிற்றூரில் பயிற்சி பெற்ற விரலே முதற்கருவி.

பயன்

பன்மருந்து முறையால் இந்நோய் 6 அல்லது 12 திங்களில் குணமாகின்றது. எனினும் 2023இல் உலகில் 1,80,000க்கும் மேற்பட்டோர்க்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. அவருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளவர். நுண்ணுயிர் அழிந்தபின்னும் எதிர்விளைவால் நரம்பு கெடலாம் என்பதால் மருந்து முடிந்தவரையும் கண்காணித்தல் இன்றியமையாதது.

வகுப்பறையில் ஒரு மாணவன் எழுதுகோலை நழுவவிடுவான். சுண்டுவிரல் மரத்துள்ளது என்பான். தோலில் உணர்வற்ற வெளிர்படை காணப்படும். இவற்றைக் கண்ட ஆசிரியர் அஞ்சவும் ஒதுக்கவும் வேண்டா. தாமதியாது மருத்துவரிடம் அனுப்பினாற் போதும். உருமாறிய கையைக் கண்டு மனிதரைத் தீவுக்கு அனுப்பிய காலம் ஒன்று. நரம்பைக் கண்டு கையைக் காக்கும் காலம் இது.